குமரி மாவட்டக் கல்யாணமும் கொடையும்: படமெடுக்கப் போவோருக்கான முழுமையான வழிகாட்டி

கேமராவை ஓரளவு கையாளத் தெரிந்தவர்கள், ஊர்க் கல்யாணத்தையோ கோயில் திருவிழாவான கொடையையோ முதன்முறையாகப் பொறுப்பேற்று எடுக்கப் போகும்போது வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்புகள் இவை. புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது லென்ஸிலோ வெளிச்சத்திலோ இல்லை. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல், நடந்து முடிந்த இடத்துக்கு ஓடுவதில்தான் படம் போகிறது. ஆகவே இங்கே எல்லாப் படிகளும் சடங்கின் வரிசையை ஒட்டியே போகின்றன.

1. சடங்கின் வரிசையை வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள்

குமரியில் ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு வீட்டுக் கல்யாணம் ஒரே மாதிரி நடக்காது. ஒரு வீட்டில் மணவறை, அடுத்த வீட்டில் ஆலயம், அதற்கடுத்த வீட்டில் நிக்காஹ். சாதிக்குச் சாதி, சபைக்குச் சபை, விளவங்கோட்டுக்கும் தோவாளைக்கும்கூட முறை மாறும். போன வாரக் கல்யாணத்தை நினைத்துக்கொண்டு இந்த வாரம் நின்றால் பாதிச் சடங்கு முதுகுக்குப் பின்னால் நடந்துவிடும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் இரு வீட்டிலும் தலா ஒரு பெரியவரோடு உட்காருங்கள். மாப்பிள்ளையிடம் மட்டும் கேட்டு எழுதிய பட்டியலில் பாதி விட்டுப்போகும், அவருக்கே தெரியாது. அத்தையோ பாட்டியோ சொல்வதுதான் சரியாக இருக்கும். கேட்க வேண்டியவை:

மாப்பிள்ளையை வாசலில் வரவேற்பது யார்? பல வீடுகளில் பெண்ணின் தம்பி கால் கழுவி மாலை போட்டு அழைத்து வருவார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த நேரம் நீங்கள் பெண்ணின் அறையில் இருந்தால் படம் கிடையாது.

பெண் மாப்பிள்ளைக்கு எந்தப் பக்கம் உட்காருவாள், தாலிக்குப் பிறகு பக்கம் மாறுவாளா? முடிச்சுப் போடுவது மாப்பிள்ளை மட்டுமா, நாத்தனாரும் சேர்வாரா? நெல் நிறைத்து வைக்கும் நிறைபறையும் தென்னம்பூவும் எந்தப் பக்கம் வைப்பார்கள்? தாலிக்குப் பிறகு வலம் வருவது உண்டா, கன்னிகாதானம் முன்னாலா பின்னாலா? மறுவீடு அன்றே உண்டா? கல்யாணத்துக்குப் பிந்தைய சடங்கான நாலாம் நீர் வைக்கிறார்களா, அதையும் எடுக்க வேண்டுமா?

கடைசியாக ஒன்று கேளுங்கள்: வீட்டில் நடமாட முடியாதவர்கள், நோயாளிகள், நாளை வெளிநாடு திரும்புகிறவர்கள் யார்? அவர்கள் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதுங்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகள் இங்கே ஏராளம். எல்லாரும் சேர்ந்து நிற்பது இந்த ஒரு நாளாகவே இருக்கலாம்.

2. இடத்தை அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

முகூர்த்தம் காலை பத்தரை என்றால் முந்தின நாள் அதே பத்தரைக்குப் போங்கள். மாலையில் போய்ப் பார்த்தால் வெயில் எந்த ஜன்னல் வழி விழும் என்று தெரியாது. மணவறைக்குப் பின்னால் திறந்த வாசல் இருந்தால் முகங்கள் இருண்டுபோகும். வாசலுக்குத் திரை போடச் சொல்ல முந்தின நாளில் முடியும், கல்யாண நாளில் முடியாது.

பந்தல் துணியின் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள், ரோஸ் நிறத் துணிக்கூரைக்கு ஃபிளாஷைத் திருப்பி அடித்தால் அதே நிறம் முகத்தில் இறங்கும். தகரக் கொட்டகையும் அதிக உயரமுள்ள மண்டபமும் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. இந்த மூன்றில் எதுவாக இருந்தாலும் ஃபிளாஷில் வெள்ளை அட்டையோ சிறிய வெளிச்சப் பெட்டியோ மாட்டி நேராக அடிக்கத் தயாராகப் போங்கள்.

பந்தல் லைட் போடுகிறவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். மணவறைக்கு மேல் மஞ்சள் பல்பும் முன்னால் வெள்ளை எல்இடியும் இருந்தால் முகத்தின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறு பாதி நீலமாகவும் விழும். பிறகு மென்பொருளில் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. எல்லாம் ஒரே நிறமாக இருக்கட்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் மாற்றிக் கொடுப்பார்கள்.

வீடியோகாரருடனும் அன்றே பேசி முடியுங்கள். அவர் நடுவில் நிற்பாரா, தாலியின்போது எந்தப் பக்கம் விடுவார், அவருடைய விளக்கு எங்கே நிற்கும் என்பது முடிவாக வேண்டும். மேடையில் இரண்டு பேர் தோளால் இடித்துக்கொள்வது இரண்டு பேருடைய வேலையையும் கெடுக்கும்.

3. பையில் இருக்க வேண்டியவை

இரண்டு கேமரா உடல்கள் வேண்டும், ஒன்று வாடகைக்காவது. தாலிகட்டு திரும்ப நடக்காது என்பதே காரணம். ஒன்றில் 24–70 மிமீ எஃப் 2.8, மற்றொன்றில் 70–200 மிமீ அல்லது 85 மிமீ. லென்ஸ் மாற்றும் வேலையே வேண்டாம், ஹோமப் புகையிலும் பந்தல் தூசியிலும் சென்சார் அழுக்காகும். இடம் குறுகிய வீடுகளுக்கு 35 மிமீ ஒன்று இருந்தால் நல்லது.

பேட்டரி ஒரு உடலுக்கு மூன்று. ஃபிளாஷ் இரண்டு. இரட்டை கார்டு வசதி இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வையுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் சுருக்கிய ரா கோப்பு ஒன்று சுமார் 25–30 எம்பி. 2,500 படம் எடுத்தால் 75 ஜிபி வரை போகும். அதற்கு 128 ஜிபி கார்டு ஒன்று போதும் என்றாலும் 64 ஜிபி கார்டுகளாகப் பிரித்து வைப்பது பாதுகாப்பு: ஒன்று கெட்டால் நாள் முழுதும் போகாது.

இவற்றோடு சாம்பல் நிற அட்டை, ஃபிளாஷில் ஒட்ட ஆரஞ்சு ஜெல் தாள், மைக்ரோஃபைபர் துணி நான்கு, பெரிய பாலிதீன் உறை இரண்டு, சிறு குடை, ஊக்கு, கறுப்பு நூல், காது அடைப்பான். உடைக்கும் யோசனை வேண்டும்: கோயிலுக்குள் போக வேட்டி, அய்யாவழித் தலமான சாமித்தோப்புப் பதியில் சட்டையில்லாமல் தலைப்பாகையோடு நிற்க ஒரு துண்டு.

4. தொடக்க அமைப்பு

மேனுவல் முறையில் ஷட்டர் 1/200, எஃப் 4, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்சவரம்பு 6400 என்று தொடங்குங்கள். எஃப் 1.8 இருக்கிறதே என்று முழுதாகத் திறக்க வேண்டாம். 85 மிமீ லென்ஸில் எஃப் 1.8, மூன்று மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்தான். மாப்பிள்ளை தெளிவாகவும் பெண் மங்கலாகவும் விழுவது இதனால்தான். எஃப் 4-இல் அது 30 சென்டிமீட்டராகும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவு எல்இடிகள் நொடிக்கு நூறு முறை மங்கிப் பிரகாசிக்கும். படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக இருட்டு விழுந்தால் ஷட்டரை 1/100-க்கோ 1/50-க்கோ இறக்குங்கள், சத்தமில்லா எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். மேடை அலங்கார விளக்குகள் சில வேறு வேகத்தில் துடிக்கும். ஆகவே சடங்கு தொடங்குமுன் பத்துப் படம் சோதனையாக எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல், மணவறையில் சாம்பல் அட்டையை வைத்து ஒரு தடவை அளந்து நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் சிவப்புப் புடவை சட்டகத்தில் கூடும்போது ஒரு நிறம், குறையும்போது ஒரு நிறம் என்று ஆல்பத்தில் பெண்ணின் முகம் பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

மாநிறத்தையும் கறுப்பையும் வெளுக்க வைக்கும் அமைப்புகள், முகத்தை வழவழப்பாக்கும் வடிகட்டிகள் எதையும் போடாதீர்கள். பெண்ணின் முகம் அவளுடைய முகமாகவே ஆல்பத்தில் இருக்க வேண்டும். வெள்ளையாக்கிக் கொடு என்று யாராவது கேட்டால், முகத்தில் வெளிச்சம் நன்றாக விழும்படி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி அப்படியே செய்யுங்கள்.

5. முந்தின இரவு

நல்ல படங்கள் பல இங்கேதான் கிடக்கின்றன, பலர் இந்த இரவைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. சமையல் கொட்டகையான ஆக்குப்புரையில் ஊர் ஆண்களும் பெண்களும் வட்டமாக உட்கார்ந்து காய்கறி வெட்டுவார்கள். தேங்காய் துருவல் ஒரு பக்கம், அவியலுக்கு நீளவாக்கில் நறுக்கும் காய் ஒரு பக்கம்.

ஃபிளாஷ் போடாதீர்கள். தொங்கும் ஒற்றை விளக்குக்கு எதிர்ப்பக்கமாக இல்லாமல் பக்கவாட்டில், உட்கார்ந்திருப்பவர்களின் கண் உயரத்துக்கு இறங்கி எடுங்கள். 35 மிமீ, எஃப் 2.8, 1/125 போதும். முதல் பத்து நிமிடம் கேமராவைத் தொடாமல் பேசிக்கொண்டிருங்கள். வந்ததும் எடுத்தால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், பழகிவிட்டால் கை தன் வேலையைச் செய்யும்.

6. பெண் அலங்காரம்

தாலி நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். அறைக்குள் பெண்கள் மட்டுமே என்றால் பெண் உதவியாளர் ஒருவர் உங்களோடு இருக்க வேண்டும், இதில் சமரசம் வேண்டாம். ஆண் ஒருவர் மட்டும் போகும் நிலை வந்தால், புடவை கட்டி முடிந்தபின் அழைக்கச் சொல்லி வெளியே நில்லுங்கள்.

ஜன்னல் ஒன்றைத் தேர்ந்து, அறை விளக்குகளை அணைத்து, பெண்ணை ஜன்னலுக்கு 45 பாகையில் உட்காரச் சொல்லுங்கள். தங்கத்துக்கு நேர் ஃபிளாஷ் ஆகாது. ஒவ்வொரு முகப்பிலும் வெள்ளைப் புள்ளி தெறித்து, வேலைப்பாடு தெரியாமல் போகும்.

மாலையைத் தனியாக எடுங்கள். தோவாளை மாணிக்கமாலை வந்திருந்தால் கட்டாயம். அரளியை மடித்துப் பாய் நெசவுபோல் தட்டையாக வைத்த அந்த வேலை, பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும். வாடுமுன், அதாவது கழுத்தில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள்.

7. தாலிகட்டு

மொத்த நேரம் அரை நிமிடம். நிற்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

மாப்பிள்ளை கையை நீட்டிப் பெண்ணின் கழுத்தைச் சுற்றிக் கட்டும்போது அவருடைய முழங்கை ஒரு பக்கத்தை முழுதாக மறைக்கும். அவருடைய தோள் பக்கம் நின்றால் சட்டைக் கை மட்டும் கிடைக்கும். பெண் உட்காரும் பக்கத்தில், அவளுக்கு முன்னால் 45 பாகையில், ஒன்றரை இரண்டு மீட்டரில், ஒரு முழங்காலை ஊன்றி இருங்கள். இறங்கி இருப்பதற்கு இரண்டு காரணம்: குனிந்த முகம் கீழிருந்துதான் தெரியும், பின்னால் நிற்கும் உறவுக்காரர்களுக்கும் மறைக்காது.

படிப்படியாக:

அ. கெட்டிமேளத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால் இடத்தைப் பிடியுங்கள். புரோகிதர் தாலித் தட்டைப் பெரியவர்களிடம் தொட்டு வாழ்த்த அனுப்பும்போதே நகரத் தொடங்க வேண்டும். தட்டு போகும் கைகளை உதவியாளர் எடுக்கட்டும்.

ஆ. தட்டு திரும்பி வரும்போது புதிய பேட்டரி, பாதிக்கு மேல் இடமுள்ள கார்டு, தயாரான ஃபிளாஷ் மூன்றையும் பாருங்கள்.

இ. மேளக்காரர்களைக் காதால் கவனியுங்கள். தவில் வேகம் பிடிப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் கையை உயர்த்துவார். அதுதான் உங்களுக்கும் சைகை.

ஈ. தாலியைக் கையில் தூக்கும்போது ஒரு படம், கழுத்துக்கு வரும்போது மூன்று, முடிச்சின்போது தொடர்ச்சியாக. ஃபிளாஷ் போட்டால் நொடிக்கு மூன்று படத்துக்கு மேல் அடிக்காதீர்கள், சார்ஜ் ஏறாமல் நடுவில் கறுப்புப் படம் விழும்.

உ. அட்சதையும் பூவும் விழத் தொடங்கும்போது ஃபோகஸ் பறக்கும் பூவுக்குத் தாவும். கண் கண்டறியும் வசதி தடுமாறினால் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றிப் பெண்ணின் கண்ணில் வையுங்கள்.

ஊ. முடிச்சு விழுந்ததும் நிறுத்தாதீர்கள். குரவை கேட்கும் அந்தப் பத்து நொடியில் திரும்பிப் பெற்றோரை எடுங்கள். பெண்ணின் அம்மா எங்கே நிற்கிறார் என்று முன்னாலேயே பார்த்து வைத்திருந்தால்தான் இது நடக்கும். இரண்டாவது கேமராவில் 85 மிமீ தோளில் தொங்குவது இதற்காகத்தான்.

செல்போன் கைகள் குறுக்கே வரும். கத்தாதீர்கள். தாலிக்கு முன்னால், சடங்குப் பட்டியலைச் சொல்லித் தந்த அந்தப் பெரியவரைக் கொண்டே முன்வரிசையை ஒரு மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர் சொன்னால் கேட்பார்கள், போட்டோகாரர் சொன்னால் மாட்டார்கள்.

8. கோயில், ஆலயம், நிக்காஹ்

குமாரகோவில் போன்ற கோயில்களில் தாலிகட்டு வைத்தால் அலுவலகத்தில் முன்னாலேயே அனுமதி கேளுங்கள். கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கருவறையை எந்தக் கோணத்திலும் எடுக்கக்கூடாது. முகூர்த்த நாளில் பல ஜோடிகள் வரிசையில் நிற்பார்கள், உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். பின்னணியில் அடுத்த ஜோடி விழாமல் இருக்க நெருங்கி எடுங்கள்.

ஆலயத் திருமணத்தில் முதலில் பார்க்க வேண்டியவர் பங்குத்தந்தை அல்லது சேகர ஆயர். எங்கே நிற்கலாம், ஃபிளாஷ் எப்போது கூடாது, பீடப் படி ஏறலாமா என்று மூன்று கேள்வி. பெரும்பாலும் வாக்குறுதியின்போதும் நற்கருணையின்போதும் ஃபிளாஷ் வேண்டாம் என்பார்கள். தாலியை ஆசீர்வதித்துக் கொடுக்கும் குருவானவர் இருவருக்கும் நடுவில் நிற்பார். ஆகவே நடுப்பாதையில் நின்றால் அவர் முதுகுதான். பெண் பக்கத்து முதல் தூணருகே நில்லுங்கள்.

வெள்ளைப் புடவை, முக்காடு, பக்கத்தில் கறுப்புக் கோட். கேமரா இரண்டையும் சராசரி பார்த்துப் புடவையைச் சுண்ணாம்பாக்கிவிடும். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) 1/3 முதல் 2/3 ஸ்டாப் வரை குறைத்து, ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டின் நிழலைப் பிறகு தூக்கலாம், கரைந்த சரிகையை மீட்க முடியாது.

மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரைக் கத்தோலிக்க வீடுகளில் மின்னு என்னும் தாலி கட்டுவதும், மந்திரகோடி என்னும் புடவையைப் பெண்ணின் தலையில் போர்த்துவதும் தனித்தனித் தருணங்கள். இரண்டாவதை எதிர்பார்க்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். பதிவேட்டில் கையெழுத்திடுவதும் எல்லா ஆலயங்களிலும் உண்டு. பக்கத்து அறையில் நடந்தால் வெளிச்சம் தனியாகப் பாருங்கள்.

நிக்காஹ்வில் மாப்பிள்ளை ஒரு இடம், பெண் ஒரு இடம். சம்மதம் கேட்டுச் சாட்சிகள் பெண் இருக்கும் இடத்துக்குப் போவார்கள். ஒரே ஆளால் இரண்டையும் எடுக்க முடியாது. பெண்கள் பக்கம் பெண் புகைப்படக்காரர்தான். அந்தக் கார்டு நேராக வீட்டாரிடம் போக வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. குழுப்படம்

பத்துப் பன்னிரண்டு குழுக்களின் பட்டியலை முதலிலேயே எழுதி, உறவுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். வயதானவர்கள் முதலில், தூரம் போகிறவர்கள் அடுத்து, நண்பர்கள் கடைசி. நண்பர்களை முதலில் விட்டால் தாத்தா சாப்பிடாமல் காத்திருப்பார்.

இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6, மூன்று என்றால் எஃப் 8. 35 மிமீக்குக் குறைந்த அகல லென்ஸில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிவார்கள். இருபது பேருக்கு ஐந்து படமாவது எடுங்கள், யாராவது ஒருவர் கண் மூடியிருப்பார். வெளியே என்றால் ஒரே நிழலில் எல்லாரையும் நிறுத்துங்கள். தென்னைக் கீற்றின் புள்ளி வெயில் முகத்தில் விழுந்தால் எந்தத் திருத்தமும் பலிக்காது.

10. பந்தி

இலை போட்டு, எல்லாக் கறியும் வைத்து, சோறு விழுமுன் முதல் பந்தியின் ஒரு இலையை மேலிருந்து எடுங்கள். அவியல், எரிசேரி, துவரன், இஞ்சிக்கறி எல்லாம் தனித்தனியாக இருப்பது அந்த ஒரு நிமிடம்தான். பிறகு விளம்புகிறவர்களின் கைகள், பாயாசத்தோடு போளி வரும் தருணம்.

வாயைத் திறந்து சாப்பிடும் முகங்களை எடுக்காதீர்கள். எந்த வீட்டிலும் யாரும் அந்தப் படத்தை விரும்பியதில்லை. வரிசையின் நீளத்தைக் காட்ட வேண்டுமானால் இலைமட்டத்துக்கு இறங்கி, முதல் பந்தி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

11. அம்மன் கொடை

கொடையில் விருந்தாளி என்று யாரும் இல்லை, எல்லாரும் வழிபட வந்தவர்கள். விழாக் குழுவிடம் சொல்லாமல் கேமராவைத் தூக்காதீர்கள். எந்தப் பூஜைக்குப் படம் கூடாது, எந்த வழியில் சாமி வரும், வேட்டைக்குப் போகும் நேரம் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுடலைமாடன் சன்னதியுள்ள கோயில்களில் நள்ளிரவில் சாமி சுடுகாட்டுக்குப் போகும்போது யாரும் எதிரே வரக்கூடாது. அந்த ‘யாரும்’ என்பதில் நீங்களும் அடக்கம்.

வில்லுப்பாட்டை இரவு முழுதும் இருந்து கேளுங்கள், ஏனென்றால் கொடையின் கடிகாரம் அதுதான். கதையில் தெய்வம் பிறக்கும் கட்டம், வரம் வாங்கும் கட்டம் வரும்போது குரலும் உடுக்கையும் ஏறும், சாமியாடியான கோமரத்தாடிக்கு அருள் வரத் தொடங்கும். கதை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பின்பாட்டுக்காரரிடம் முன்னாலேயே கேட்டு வைத்தால், நீங்கள் ஏற்கெனவே சரியான இடத்தில் இருப்பீர்கள். கதை தெரியாதவர்கள் கூட்டம் எழுந்து நின்றபின்தான் எழுவார்கள், அப்போது முன்னால் ஐம்பது முதுகுகள்.

வில்லை எடுக்கும்போது மைக் வாயை மறைக்காமல் இரண்டடி பக்கவாட்டில் நகருங்கள். வில்லை அடிக்கும் வீசுகோலின் அசைவு தெரிய 1/60, மணிகள் தெளிவாக நிற்க 1/250. குடம் அடிப்பவரை மறக்காதீர்கள், தாளம் அவர் கையில்.

அருள் வந்தவர்களை எடுப்பதற்கு விதிகள் கடுமையானவை. ஃபிளாஷ் அறவே கூடாது: கண்ணில் அடித்து, தீச்சட்டியோடு தடுமாறினால் உயிருக்கு ஆபத்து. மூன்று மீட்டர் தள்ளி நில்லுங்கள், பாதையில் குறுக்கே நிற்காதீர்கள். உடை கலைந்த பெண்களை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டிருந்தால் அங்கேயே அழியுங்கள். நெருப்பு சட்டகத்தில் இருக்கும்போது வெளிச்ச அளவை ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் குறைத்தால் சுடரும் முகமும் சேர்ந்து கிடைக்கும்.

சில நேரங்களில் கேமராவைப் பையில் வைப்பதே வேலை. மண்டைக்காடு மாசிக் கொடையின் கடைசி நள்ளிரவில் ஒடுக்கு பூஜை நடக்கும். உணவுப் பானைகளை வெள்ளைத் துணியால் மூடி, சுமப்பவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வர, பெருங்கூட்டம் மூச்சுக் காட்டாமல் நிற்கும். அங்கே ஒரு ஷட்டர் சத்தம்கூட நூறு பேரைத் திரும்ப வைக்கும்.

12. மேளம், தேர்ப்பவனி, அசனம்

சிங்காரி மேளத்துக்கு 1/500. அடிப்பவர்கள் துள்ளுவதால் அதற்குக் குறைந்தால் கோல்கள் கரையும். ஐந்து மீட்டர் முன்னால் பின்னோக்கி நடந்தபடி எடுக்க வேண்டியிருக்கும். உங்கள் இடுப்பு வாரைப் பிடித்து வழி சொல்ல ஒருவர் வேண்டும், சாலையோர ஓடையில் விழுந்தவர்கள் பலர். காது அடைப்பான் இதற்குத்தான்.

கோட்டாறு சவேரியார் பெருவிழா டிசம்பர் 3-இல் முடிகிறது. அதன் இரவுத் தேர் போன்ற பவனிகளில் தேரின் விளக்குக்கும் தெருவின் இருட்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம். தேருக்கு வெளிச்ச அளவு வைத்து, மக்களின் முகங்களை அந்த வெளிச்சம் தொடும் தூரத்தில் வரும்போது எடுங்கள். தேர் உங்களைக் கடப்பதற்குச் சற்று முன்னால் அது நடக்கும். வடம் பிடிக்கும் பாதைக்குள்ளும் சக்கரத்தருகிலும் நிற்கக்கூடாது. கண் வ்யூஃபைண்டரில் இருக்கும்போது தேர் எவ்வளவு அருகில் என்று தெரியாது.

சிஎஸ்ஐ ஆலயங்களின் பொது விருந்தான அசனத்துக்கு விடிவதற்கு முன்னால் போங்கள். வார்ப்பு என்னும் பெரிய பாத்திரத்திலிருந்து சோறு வடித்துப் பாயில் கொட்டும்போது எழும் ஆவி, பின்வெளிச்சத்தில் மட்டும் தெரியும். லென்ஸில் ஆவி படிந்தால் உடனே துடைக்காமல் அரை நிமிடம் விடுங்கள், துடைத்தால் எண்ணெய்ப் படலம் பரவும்.

13. மழை, காற்று, உப்பு

தென்மேற்குப் பருவம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, வடகிழக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இரண்டும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. ஆவணிக் கல்யாணத்துக்கும் ஐப்பசிக் கல்யாணத்துக்கும் உறை இல்லாமல் போகாதீர்கள். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் மழை அதிகம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் காற்று: தென்மேற்குப் பருவத்தில் வெளிச்சக் குடை மாட்டிய ஸ்டாண்டு நிற்காது. ஐந்து கிலோ மணல்மூட்டையும், பிடிக்க ஓர் ஆளும் வேண்டும். இல்லையென்றால் குடையைக் கழற்றிவிட்டு வெறும் ஃபிளாஷோடு எடுங்கள்.

ஏசி காரிலிருந்து ஈரக் காற்றுக்குள் இறங்கினால் லென்ஸ் உள்ளும் புறமும் வேர்க்கும். போய்ச் சேர இருபது நிமிடம் இருக்கும்போதே ஏசியை நிறுத்துங்கள், அல்லது பையைத் திறக்காமல் வெளியே வையுங்கள். முட்டம், குளச்சல் கடற்கரையில் ஜோடிப் படம் எடுத்தால் அன்றே நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா உடலைத் துடையுங்கள். உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு கண்ணாடியைக் கீறும். பாறை விளிம்பில் பட்டுப்புடவையோடு பெண்ணை நிறுத்தாதீர்கள்.

ட்ரோன் கேட்பார்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூடங்குளம் அணுமின் நிலையமும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகமும் பக்கத்து மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

14. அன்றிரவே சேமித்தல்

வீடு வந்ததும் தூங்குமுன் இரண்டு வட்டுகளில் நகல். இரண்டும் ஒரே பையில் இருக்கக்கூடாது. கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு கோப்புறையிலும் சில படங்களைத் திறந்து பாருங்கள். படங்களைக் கொடுத்து முடிக்கும்வரை கார்டுகளை அழிக்க வேண்டாம். மறுவீட்டுக்கு அதே கார்டைப் போட்டு எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து.

15. தேர்வும் ஒப்படைப்பும்

முதல் சுற்றில் கண் மூடியவை, மங்கியவை மட்டும் கழியட்டும். இரண்டாம் சுற்றில் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சடங்குக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு படமாவது இருக்கிறதா என்று குறியிடுங்கள். ஆல்பத்துக்கு நூறு நூற்றிருபது படம் போதும். அழகான படம் என்பதற்காகப் பாட்டியை விட்டுவிட்டு அலங்காரத்தை வைக்காதீர்கள்.

தனியாக ஒரு கோப்பில் பெயர்களை எழுதிக் கொடுங்கள்: படத்தின் எண், இடமிருந்து வலமாக யார் யார், எந்த ஊர், என்ன உறவு. வீட்டுக்காரரை ஒரு மாலை உட்கார வைத்தால் முடிந்துவிடும்.

கொடைப் படங்களை விழாக் குழுவுக்கு முதலில் காட்டுங்கள். அருள் வந்தவர்கள், நேர்ச்சை செலுத்துபவர்கள், குழந்தைகள் உள்ள படங்களை அவர்களிடமோ பெற்றோரிடமோ கேட்காமல் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கல்யாணப் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதானால் முன்பணம் வாங்கும் நாளிலேயே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். எத்தனை மாதம் கோப்புகளை வைத்திருப்பீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். ஒரு வருடம் என்று வைத்து, அழிக்கும் முன் ஒரு முறை கூப்பிட்டுக் கேட்டுவிட்டு அழியுங்கள்.